காகிதம் ஒட்டினால் போதுமா? ஃபியூம் ஹூட் நம்மைக் காக்கிறதா என்று சோதிப்பது எப்படி

ஊட்டியில் ஆகஸ்ட் மாதம் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு நாள் அப்படி உள்ளே வந்த மூட்டம் மேசைகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்து, சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த ஃபியூம் ஹூட்டின் வாய்க்குள் நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மாணவி கையில் குடுவையோடு அதன் முன்னால் விறுவிறுவென்று நடந்து போனாள். உள்ளே போய்க்கொண்டிருந்த மூட்டம் சட்டென்று சுருண்டு, ஒரு சாண் அளவுக்கு வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. இரண்டு நொடிகூட ஆகியிருக்காது.

மூட்டம் என்பதால் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஹூட்டுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் கரைப்பானின் ஆவி அப்படிக் கண்ணில் படாது. ஆனால் அதுவும் இதே போலச் சுருண்டு வெளியே வரும், முன்னால் நிற்பவரின் மூக்குக்கு நேராக. ஹூட் ஓடுகிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். அது காக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்காகவும், பள்ளி கல்லூரிகளில் ஆய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஃபியூம் ஹூட் என்பது மூன்று பக்கம் அடைத்த பெரிய பெட்டி. முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு. உள்ளே பின்சுவருக்குச் சற்று முன்னால் ஒரு பலகை நிற்கும். அதன் அடியிலும் மேலேயும் நீளமான இடுக்குகள் இருக்கும். பெட்டியின் தலையிலிருந்து ஒரு குழாய் கூரைக்குப் போகும், அங்கே ஒரு மின்விசிறி காற்றை இழுத்து வெளியே தள்ளும். விறகடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியின் உறவுதான் இது. ஒரு வித்தியாசம் உண்டு. அடுப்புப் புகை சூடானது, தானாகவே மேலே ஏறும். ஈதர், புரோமின் போன்றவற்றின் ஆவியோ காற்றைவிடக் கனமானது, மேசைப்பரப்பில் படுத்துக்கொள்ளும். அதனால்தான் பின்பலகையின் அடியில் அந்த இடுக்கு. அதை அடைத்துவிட்டால் ஹூட்டின் பாதி வேலை போய்விடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிர் ஆய்வகங்களில் இருக்கும் லேமினார் ஃப்ளோ பெட்டி பார்ப்பதற்கு ஃபியூம் ஹூட்டின் தம்பி போல இருக்கும். ஆனால் அது வடிகட்டிய சுத்தமான காற்றை உள்ளிருந்து வெளியே, நம் முகத்தை நோக்கி ஊதும். உள்ளே இருக்கும் பொருளில் தூசியும் கிருமியும் படாமல் காப்பதுதான் அதன் வேலை, நம்மைக் காப்பது அல்ல. அதற்குள் அமிலத்தையோ கரைப்பானையோ சூடாக்கினால் ஆவி முழுவதும் நமக்குத்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வகங்களில் நடக்கும் ஒரே சோதனை காகிதச் சோதனை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டிவிடுவார்கள். அது உள்பக்கமாகப் பறந்தால் ஹூட் ஓடுகிறது என்று அர்த்தம். "மேடம், நல்லாத்தான் இழுக்குது, பேப்பர் எப்படிப் பறக்குது பாருங்க" என்று மாணவர்கள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. மின்விசிறி ஓடுவதையும் காற்று உள்ளே போவதையும் காகிதம் காட்டும். எவ்வளவு போகிறது, எல்லா இடத்திலும் போகிறதா, போன காற்று திரும்பி வருகிறதா என்ற மூன்றையும் அது சொல்லாது.

அடுத்த படி, காற்றின் வேகத்தை அளப்பது. கண்ணாடிக் கதவைக் குறிப்பிட்ட உயரத்துக்கு, வழக்கமாக ஒன்றரை அடிக்கு, திறந்து வைத்து அந்தத் திறப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொன்றின் நடுவிலும் அனிமோமீட்டரை வைத்து வேகத்தைக் குறித்து, சராசரி எடுக்க வேண்டும். நொடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வரை இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். பழைய கணக்கில் நிமிடத்துக்கு 80 முதல் 120 அடி. சராசரியோடு நிறுத்திவிடாமல் கட்டங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தையும் பாருங்கள். இடது மூலையில் 0.7, வலது மூலையில் 0.3 என்று இருந்தால் சராசரி 0.5 என்று அழகாக வரும். வலது பக்கம் நிற்பவருக்கு அந்த அழகால் பயனில்லை.

வேகம் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் தவறு. 0.75-ஐத் தாண்டினால் உள்ளே போகும் காற்று விளிம்புகளில் மோதிச் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழலே ஆவியை வெளியே கொண்டு வந்துவிடும்.

மலையில் வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமவெளியில் எழுதிய கையேடுகளில் இது அழுத்திச் சொல்லப்பட்டிருக்காது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சூடான கம்பி வகை அனிமோமீட்டர் எப்படி வேலை செய்கிறது? காற்று அந்தக் கம்பியை எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறது. அடர்த்தி குறைந்த காற்று குறைவாகவே குளிர்விக்கும். அதனால் உண்மையில் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் போனாலும் கருவி கிட்டத்தட்ட 0.39 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஹூட் தேறவில்லை என்று எழுதி, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி, திரையில் 0.5 வரவழைத்தால் உண்மையான வேகம் 0.64-க்குப் போயிருக்கும். நல்ல கருவிகளில் உள்ளூர்க் காற்றழுத்தத்தைப் பதிவு செய்ய இடம் இருக்கும். ஊட்டிக்கு அது 775 ஹெக்டோபாஸ்கல் வாக்கில் வரும். அளக்க வருபவர் சமவெளியிலிருந்து வந்திருந்தால், "அழுத்தத்தை மாத்திட்டீங்களா சார்?" என்று கேட்டுவிடுங்கள். சிறு காற்றாடி சுழலும் வகைக் கருவியில் இந்தச் சிக்கல் பெரிதாக வராது.

உயரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. இங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதிப்பது சமையல் செய்யும் எல்லோருக்கும் தெரியும். கரைப்பான்களுக்கும் அதே கதைதான். கடற்கரையில் 34.6 டிகிரியில் கொதிக்கும் ஈதர் இங்கே ஏழெட்டு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். அதே வேலையைச் செய்தாலும் ஹூட்டுக்குள் ஆவி சுலபமாகக் கிளம்பிவிடுகிறது.

வேகம் குறைவதற்கு மின்விசிறிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒன்றரை மீட்டர் அகல ஹூட், 45 சென்டிமீட்டர் திறப்பு, நொடிக்கு 0.5 மீட்டர் வேகம். அப்படியானால் மணிக்கு 1,200 கன மீட்டருக்கு மேல் காற்று வெளியே போகிறது. 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் உள்ள அறையின் மொத்தக் காற்றும் எட்டே நிமிடத்தில் காலி. வெளியே போன அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். டிசம்பர் குளிரில் நாம் என்ன செய்கிறோம்? கதவு, ஜன்னல், வெண்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கதவிடுக்கில் துணியைச் செருகுகிறோம். ஹூட்டுக்கு மூச்சு முட்டுகிறது. கணப்புச்சட்டியை மூட்டிவிட்டு அறையைச் சாத்திக்கொண்டு படுப்பதன் ஆபத்து மலைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆய்வகத்தில் அதே தவற்றைச் செய்கிறோம் என்பதுதான் நமக்கு உறைப்பதில்லை.

அதற்காக ஹூட்டுக்கு எதிரே உள்ள ஜன்னலை விரியத் திறந்துவிட்டாலும் தப்பு. ஆடி மாதக் காற்று உள்ளே புகுந்தால் ஹூட்டின் 0.5 மீட்டர் வேகம் அதற்கு முன்னால் நிற்காது. அறைக்குள் வரும் காற்று ஹூட்டின் வாயருகே எந்தத் திசையில் அடித்தாலும் ஹூட் வேகத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இன்னும் குறைவாக இருந்தால் நல்லது. ஆள் நடக்கும் வேகமே நொடிக்கு 1.2 மீட்டருக்குக் குறையாது. முதலில் சொன்ன மாணவி நடந்தபோது மூட்டம் ஏன் வெளியே வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அவள் உடல் இழுத்துச் சென்ற காற்று ஹூட்டின் இழுப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமானது.

சரி, யாரும் நடக்கவில்லை, ஜன்னலும் ஒழுங்காக இருக்கிறது, வேகமும் 0.5 வருகிறது. அப்போது பயமில்லையா? இந்த இடத்தில்தான் எனக்கே இந்த விஷயம் முதன்முதலாகப் பிடிபட்டது. கோடையில் ஓடைகளைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் ஒரு பாறை இருந்தால் தண்ணீர் இருபுறமும் பிரிந்து ஓடும். பாறையின் கீழ்ப்புறம் ஒரு சிறு சுழல் உண்டாகும், அதில் மாட்டிய சருகு போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஹூட்டின் முன்னால் நிற்கும் நாம்தான் அந்தப் பாறை. காற்று நம் முதுகுப்பக்கமிருந்து வந்து, இரு தோள்களையும் தாண்டி ஹூட்டுக்குள் போகிறது. சுழல் எங்கே உண்டாகும்? நம் நெஞ்சுக்கும் ஹூட்டுக்கும் நடுவே, மூக்குக்குச் சற்றுக் கீழே. திறப்பின் விளிம்பிலேயே பீக்கரை வைத்து வேலை செய்தால் அதன் ஆவி நேராக அந்தச் சுழலில் மாட்டும். ஆவி வரும் எதையும் விளிம்பிலிருந்து ஆறு அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். வேகத்தை அளக்கும்போது முன்னால் யாரும் நிற்பதில்லை. வேலை செய்யும்போது கட்டாயம் ஒருவர் நிற்கிறார்.

எனவே சோதனையை வேறு மாதிரி யோசிக்க வேண்டும். உள்ளே ஏதாவது ஒன்றைக் கசியவிட்டு, ஆள் மூக்கு இருக்கும் இடத்தில் அது எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதன் எளிய வடிவம் புகைச் சோதனை. ஹூட்டுக்குள் எரியக்கூடிய எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே பிடித்தபடி மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். இரு பக்கச் சுவர்களின் ஓரம், மேசையின் முன்விளிம்பு, கண்ணாடிக் கதவின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் நிதானமாக நின்று பாருங்கள். அதிகப் புகை வேண்டுமானால் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி உலர்பனித் துண்டுகளை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடை, போடலாம். வெள்ளை மூட்டம் கனமாகக் கிளம்பி மேசையில் படரும், அடி இடுக்கு இழுக்கிறதா என்பது நன்றாகத் தெரியும். உலர்பனியைத் தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

நான் ஒருமுறை ஊதுபத்தியோடு ஓர் ஆய்வகத்தின் ஹூட்டைச் சோதித்தேன். எந்த ஆய்வகம் என்பது இங்கே முக்கியமில்லை. உள்ளே பின்பலகையை ஒட்டி அமிலக் குப்பிகளும் பழைய கரைப்பான் டின்களும் மூன்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், அலமாரியில் இடமில்லையாம். இடது பக்கம் புகை ஒழுங்காகப் போனது. நடுவில் குப்பி வரிசைக்கு முன்னால் வந்ததும் தயங்கி நின்று, மேலே எழும்பி, கண்ணாடிக் கதவின் உள்பக்கம் உருண்டு, கதவின் கீழ்விளிம்பு வழியே என் சட்டைப் பொத்தானை நோக்கி இறங்கியது. அந்த ஹூட்டின் சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் வேகம் 0.52 என்று எழுதியிருந்தது. குப்பிகளை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அதே ஊதுபத்தி, அதே இடம், புகை கோடு போட்டதுபோல் அடி இடுக்குக்குள் போனது.

கண் பார்ப்பதை எண்ணாக மாற்ற முடியாது. மூக்கை நம்பலாமா? நீலகிரித் தைலம் நான்கு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு ஹூட்டுக்குள் வைத்து, முன்னால் நின்று வாசனை வருகிறதா என்று மாணவர்களைக் கேட்பேன். பாடத்துக்கு அது நல்ல வழி. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், ஐந்து நிமிடத்தில் தைலம் இருப்பதே மறந்துவிடும். உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அது நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டும்போது மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். ஆபத்து கூடும்போது எச்சரிக்கை நின்றுபோகிறது. பாதரச ஆவிக்கோ வாசனையே கிடையாது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசப் பிரச்சினையைப் பழனிமலைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

அதனால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கருவியை வைக்கிறார்கள். அமெரிக்காவில் குளிர்சாதனப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே, 110 என்ற எண்ணில் இதற்கு ஒரு முறையை வகுத்திருக்கிறது. 1985-இல் முதலில் வந்தது, 1995-லும் 2016-லும் திருத்தப்பட்டது. செய்முறை இதுதான். ஹூட்டுக்குள், திறப்பிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி, ஒரு குழல் வழியாக நிமிடத்துக்கு 4 லிட்டர் சல்பர் ஹெக்சாஃப்ளூரைடு வாயுவை விடுவார்கள். ஹூட்டின் முன்னால் ஆளுக்குப் பதில் ஒரு பொம்மையை, ஜவுளிக்கடையில் சேலை கட்டி நிறுத்தியிருப்பார்களே அப்படி ஒன்றை, நிறுத்துவார்கள். அதன் மூக்கருகே உறிஞ்சு குழாய், மறுமுனையில் அளவுக்கருவி. இடம், நடு, வலம் என மூன்று நிலைகளில், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். பிறகு கண்ணாடிக் கதவை மூடித் திறக்கும் கணத்தில் எவ்வளவு கசிகிறது என்றும் பார்ப்பார்கள்.

ஏன் அந்த வாயு? துணைமின்நிலையங்களின் பிரேக்கர்களில் நிரப்புவதும் இதைத்தான். நிறமில்லை, மணமில்லை, எரியாது, சாதாரணக் காற்றில் ஏறக்குறைய இருக்காது. எனவே மிகச் சிறிய கசிவையும் கருவி பிடித்துவிடும். காற்றைவிட ஐந்து மடங்கு கனம். அதற்கொரு பெரிய குறையும் உண்டு. புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 23,000 மடங்குக்கும் மேல் வலிமையானது. ஆகவே அதைத் தேவையில்லாமல் விடக் கூடாது என்பது என் கருத்து. முதலில் புகைச் சோதனையில் தேறாத ஹூட்டுக்கு இந்தச் சோதனை வீண். அதைச் சரி செய்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

முடிவை எழுதும் விதம் பார்க்கப் புதிராக இருக்கும்: 4.0 ஏஐ 0.10. முதல் எண் நிமிடத்துக்கு விட்ட வாயு, லிட்டரில். எழுத்துகள் எங்கே சோதித்தார்கள் என்பதற்கு: ஏஎம் என்றால் தயாரித்த தொழிற்சாலையில், ஏஐ என்றால் ஆய்வகத்தில் பொருத்திய பிறகு, ஏயூ என்றால் உள்ளே நம் சாமான்களோடு, அன்றாடம் பயன்படுத்தும் நிலையில். கடைசி எண் பொம்மையின் மூக்கில் கிடைத்த அளவு, பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில். ஆஷ்ரே தேர்ச்சி மதிப்பெண் எதையும் சொல்வதில்லை. அதை இசட் 9.5 என்ற இன்னொரு அமெரிக்கத் தரவிதி சொல்கிறது: தொழிற்சாலையில் 0.05, பொருத்திய பின் 0.1. நம் கணக்கில் 0.1 என்றால் ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு. மேலே கணக்குப் போட்ட ஹூட்டில் 4 லிட்டர் வாயு கலந்தால் வெளியேறும் குழாயில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 200 பங்கு இருக்கும். மூக்கில் 0.1 என்றால் இரண்டாயிரத்தில் ஒரு பாகம்தான் நம்மிடம் வருகிறது. ஹூட் எவ்வளவு காக்கிறது என்ற கேள்விக்கு இப்போதுதான் ஓர் எண் கிடைக்கிறது.

ஐரோப்பாவில் இஎன் 14175 என்ற விதி. அதில் எனக்குப் பிடித்த பகுதி, ஆள் உயரப் பலகை ஒன்றை ஹூட்டின் முன்னால் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே கசிவை அளப்பது. நடந்து போகும் மாணவிக்குப் பதில் பலகை.

வாங்கும்போது கடைக்காரர் ஏஎம் சான்றிதழைக் காட்டுவார். அது காலி ஹூட்டுக்கு, காற்று அசையாத கூடத்தில் கிடைத்த மதிப்பெண். உங்கள் ஜன்னல், உங்கள் குப்பிகள், உங்கள் கூரைக்குழாய் எதுவும் அதில் இல்லை. ஏஐ சோதனை செய்து தர முடியுமா என்று கேளுங்கள். செலவாகும், கருவியோடு ஆள் மலையேறி வர வேண்டும். புதுக் கட்டடத்தில் பத்து ஹூட் வாங்கும் கல்லூரி அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும். ஒரே ஒரு பழைய ஹூட்டை வைத்திருக்கும் பள்ளி, வருடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, பருவத்துக்கு ஒருமுறை ஊதுபத்தி பிடித்துப் பார்த்தாலே நிறைய தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாகக் கூரை. மலைச்சரிவில் கட்டடங்கள் படிப்படியாக நிற்கும். கீழ்க் கட்டடத்தின் கூரை, மேல் கட்டடத்தின் ஜன்னலுக்கு நேராக இருக்கும். ஹூட்டின் குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 10 அடி உயர வேண்டும் என்பது சமதரைக்கான விதி. சரிவில் அந்தப் பத்தடி, அடுத்த கட்டடத்தின் வகுப்பறைக்குள் நேராக ஊதலாம். மழைக்குப் பயந்து குழாயின் தலையில் கூம்புத் தொப்பி வைப்பதும் இங்கே வழக்கம். அது மேலே போக வேண்டிய ஆவியைக் கீழே மடக்கிவிடும். குப்பி அடுக்கியிருந்த அந்த ஆய்வகத்திலும் தொப்பி இருந்தது. அதைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இரட்டைக் குழாய் வைத்து, உள்ளே விழும் மழைநீர் இடைவெளி வழியாகக் கூரையில் வடியும்படி செய்தார்கள். மறுநாள் லேப் அட்டெண்டர் அண்ணாவை ஹூட்டின் முன்னால் நிற்க வைத்து, அவர் நெஞ்சுக்கு எதிரே உள்ளே ஊதுபத்தியைப் பிடித்தேன். இன்னொருவரைப் பின்னால் நடக்கச் சொன்னோம். புகை லேசாக நடுங்கியது, விளிம்பைத் தாண்டவில்லை. அவரைக் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொன்னோம். ஒரு மெல்லிய இழை வெளியே எட்டிப் பார்த்தது. அன்றைக்கே ஹூட்டின் முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டோம், ஹூட்டில் வேலை நடக்கும்போது யாரும் அதைத் தாண்டி நடக்கக் கூடாது என்று.